முடக்கமும் இல்ல, கலைப்பும் இல்ல: ‘ப்ரோரோக்’ங்கிற வினைச்சொல்லுக்கு ஒரு நியாயம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல சட்டசபை, பார்லிமென்ட் சம்பந்தமா வர்ற செய்தி எதையும் நான் விடுறதில்ல. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்களுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்குறேன், அதனால அது எனக்கு வேலையும் கூட. அந்தச் செய்திகள்ல ஒரு இங்கிலீஷ் வினைச்சொல் தமிழுக்கு வரும்போது திரும்பத் திரும்ப சிதைஞ்சு போகுது. உங்க பேப்பர்ல மட்டும்னு சொல்லல, டிவி ஸ்க்ரோல்லயும் அப்படித்தான் வருது, வாட்ஸப் ஃபார்வர்டுலயும் அப்படித்தான் வருது. அந்த வார்த்தை ‘ப்ரோரோக்’, பெயர்ச்சொல்லா வந்தா ‘ப்ரோரோகேஷன்’, சபையோட ஒரு கூட்டத்தொடரை முடிச்சு வைக்கிறதுன்னு அர்த்தம். லெட்டர் நீளமா போகும், நாலு வரியில சொன்னா இதுல என்ன பெரிய விஷயம்னு தோணிடும், அதனால விவரமாவே எழுதுறேன்.

தினசரி இங்கிலீஷ்ல இந்த வார்த்தைக்கு வேலையே இல்ல. நல்லா இங்கிலீஷ் பேசுறவங்க கூட ஆயுசுல ஒரு தடவையும் வாயால சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா எப்பல்லாம் இது செய்தியில வருதோ அப்பல்லாம் ஒரு பெரிய சண்டையோட தான் வரும், கவர்னருக்கும் அரசுக்கும் நடுவுல, இல்லன்னா பிரதமருக்கும் எம்.பி.க்களுக்கும் நடுவுல. அந்த அவசரத்துல தமிழ்ல என்ன போடுறதுன்னு தெரியாம ஒருத்தர் ‘ஒத்திவைப்பு’ன்னு போடுறாரு, ஒருத்தர் ‘முடக்கம்’னு போடுறாரு, இன்னொருத்தர் ‘கலைப்பு’ன்னே போட்டுடுறாரு. இந்த மூணுமே வேற வேற மூணு காரியத்தோட பேரு. ப்ரோரோக் பண்றது இந்த மூணுல எதுவுமே இல்ல.

இந்தக் குழப்பத்துக்கு முதல் காரணம் டிக்‌ஷனரியில இருக்குற சினானிம் லிஸ்ட் தான்னு நான் நினைக்கிறேன். ப்ரோரோக்னு தேடிப் பாருங்க, அட்ஜர்ன், டிஃபர், போஸ்ட்போன், சஸ்பெண்ட், டிசால்வ், ஷெல்வ்னு வரிசையா வரும், சிலதுல ‘டேபிள்’னு கூட இருக்கும். அந்த டேபிளை எடுத்துக்கோங்க, அமெரிக்காவுல ஒரு மசோதாவை டேபிள் பண்ணாங்கன்னா அதை ஓரமா வெச்சுட்டாங்கன்னு அர்த்தம், நம்ம பார்லிமென்ட்ல டேபிள் பண்ணாங்கன்னா சபையில தாக்கல் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம், நேர் எதிர். சினானிம் லிஸ்ட் போடுறவங்க வேலை பக்கத்துல பக்கத்துல இருக்குற வார்த்தைகளை ஒரு இடத்துல கொண்டு வந்து வைக்கிறது, அவ்ளோதான். யார் அதை பண்ணலாம், பண்ணா என்ன ஆகும்னு அந்த லிஸ்ட் சொல்லாது. கதையோ கவிதையோ எழுதுறவங்களுக்கு அது போதும், சட்டசபை செய்தி எழுதுறவங்களுக்கு அது பத்தவே பத்தாது, ஏன்னா சட்டசபையில யார் பண்ணாங்கங்கிறது தான் செய்தியே.

வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும், அதுல தான் சுவாரஸ்யமே இருக்கு. லத்தீன்ல ‘ரொகாரே’ன்னா கேக்குறது. பழைய ரோமாபுரியில ஒரு சட்டம் வேணும்னா அதிகாரி மக்கள் கூட்டத்து முன்னாடி நின்னு ‘இது உங்களுக்குச் சம்மதமா’ன்னு கேக்கணும், அதனால மசோதாவுக்கே ‘ரொகாட்டியோ’ன்னு தான் பேரு, கேள்வின்னு அர்த்தம். அதுல ‘ப்ரோ’ங்கிற முன்னொட்டு சேர்ந்து ‘ப்ரோரொகாரே’ன்னு ஆச்சு, மக்கள்கிட்ட கேட்டு ஒருத்தரோட பதவிக்காலத்தை நீட்டிக்கிறதுன்னு அர்த்தம். ரோம்ல கான்சல்ங்கிற உச்சப் பதவி ஒரு வருஷம் தான். கி.மு. 327ல கான்சலா இருந்த குவிண்டஸ் பப்ளிலியஸ் ஃபைலோங்கிறவர் நியாபொலிஸ் நகரத்தை, அதாவது இன்னைக்கு நேப்பிள்ஸ்னு சொல்ற ஊரை, முற்றுகை போட்டுக்கிட்டு இருந்தாரு, அவரோட வருஷம் முடியுற நேரம் வந்துருச்சு. பாதி சண்டையில தளபதியை மாத்த வேணாம்னு மக்கள்கிட்ட கேட்டு அவரோட படை அதிகாரத்தை நீட்டிச்சாங்க, அப்படி நீட்டிக்கப்பட்ட முதல் ஆள்னு ரோம வரலாற்றுல அவரைத்தான் சொல்றாங்க.

ஆக பொறந்தப்போ இதுக்கு அர்த்தம் நீட்டிக்கிறது, முடிக்கிறது இல்ல. 15ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்தப்பவும் நீட்டிக்கிறது, தள்ளிப் போடுறதுங்கிற அர்த்தத்துல தான் புழங்குச்சு. ஷேக்ஸ்பியர் காலத்துல கல்யாணத்தை தள்ளிப்போடுறது, சாவை தள்ளிப்போடுறதுன்னு பொதுவாவே இதை எழுதியிருக்காங்க. அப்புறம் மெல்ல மத்த இடத்துலேர்ந்தெல்லாம் கழண்டு பார்லிமென்ட்ல மட்டும் ஒட்டிக்கிச்சு. ராஜா ஒரு கூட்டத்தொடரை இன்ன தேதி வரைக்கும் தள்ளி வைக்கிறாருன்னு சொல்லச் சொல்ல, தள்ளி வைக்கிறதுங்கிறது அந்தத் தொடரை முடிச்சு வைக்கிறதுன்னு ஆயிருச்சு. இங்கிலாந்துல இன்னைக்கும் ப்ரோரோக் பண்ணும்போது மறுபடி எந்தத் தேதிக்கு கூடணும்னு சேர்த்தே தான் சொல்லுவாங்க, பழைய அர்த்தம் அங்க இன்னும் பாதி உயிரோட இருக்கு. நம்ம நாட்டுல அந்தத் தேதியும் கிடையாது, ப்ரோரோக்னா அந்தத் தொடர் முடிஞ்சுது, அடுத்ததை புதுசா கூப்பிடணும்.

இப்போ அட்ஜர்ன். இது பழைய ஃப்ரெஞ்சுல ‘ஒரு குறிச்ச நாளுக்கு’ங்கிற அர்த்தத்துலேர்ந்து வந்தது, உள்ளுக்குள்ள ‘ஜூர்’னு நாளைக் குறிக்கிற ஃப்ரெஞ்சு வார்த்தை இருக்கு. சபை நடக்குது, கூச்சல் ஜாஸ்தி ஆயிருச்சு, சபாநாயகர் மதியம் ரெண்டு மணிக்குன்னு ஒத்தி வைக்கிறாரு, அது அட்ஜர்ன். நாளைக்குன்னு ஒத்தி வைக்கிறாரு, அதுவும் அட்ஜர்ன். கடைசி நாள் அன்னைக்கு ‘சைனே டை’ன்னு சொல்லுவாங்க, லத்தீன்ல நாள் இல்லாமன்னு அர்த்தம், நாம தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்புன்னு எழுதுறோம், அருமையான தமிழ், அதை அப்படியே வெச்சுக்கலாம். இதெல்லாம் சபாநாயகரோட கையில இருக்கு. தொடர் முடியல, சபை எழுந்து போயிருக்கு, அவ்ளோதான். தேதி குறிப்பிடாம ஒத்தி வெச்ச பிறகும் சபாநாயகர் நினைச்சா அதே தொடரை திரும்பக் கூட்டலாம், லோக்சபா விதிகள்லயே அதுக்கு இடம் இருக்கு.

ப்ரோரோக் சபாநாயகர் கையில இல்ல. பார்லிமென்ட்டுக்கு அரசியலமைப்போட 85ஆவது பிரிவு, மாநில சட்டசபைக்கு 174ஆவது பிரிவு. அங்க ஜனாதிபதி, இங்க கவர்னர். ரெண்டு பேருமே அமைச்சரவை ஆலோசனைப்படி தான் பண்ணுவாங்க. பொதுவா சபை தேதி குறிப்பிடாம ஒத்தி வைக்கப்பட்டு சில நாள் கழிச்சு, சபைக்குள்ள யாருமே இல்லாத நேரத்துல, ஒரு அறிவிப்பா வெளியாகும். அது வந்துட்டா சபாநாயகரால தானா கூட்ட முடியாது, கவர்னர் புதுசா அழைப்பு விட்டாத்தான் உண்டு. நிலுவையில இருக்குற மசோதா சாகாது, 107ஆவது பிரிவும் 196ஆவது பிரிவும் அதைத் தெளிவா சொல்லுது. ஆனா உறுப்பினர்கள் குடுத்து வெச்ச நோட்டீஸ்கள், லோக்சபா விதிப்படி மசோதா அறிமுகத்துக்கான நோட்டீஸ் தவிர மத்ததெல்லாம், காலாவதி ஆயிடும்.

டிசால்வ் தான் கலைப்பு. இது சபையோட ஆயுசையே முடிக்கிறது, எம்.எல்.ஏ. அன்னையோட எம்.எல்.ஏ. இல்ல, எலெக்‌ஷன் வந்தாகணும். லோக்சபாவுல நிலுவையில இருந்த மசோதாவெல்லாம் கலைப்போட போயிடும். ராஜ்யசபாவை கலைக்கவே முடியாது, 83ஆவது பிரிவுல அப்படித்தான் இருக்கு, அதனால நம்ம நாட்டை வெச்சு ‘பார்லிமென்ட் கலைப்பு’ன்னு தலைப்பு போட்டாலே அது பாதி தப்பு, கலைக்கப்படுறது லோக்சபா மட்டும் தான்.

முடக்கம்ங்கிற வார்த்தை மேல தான் எனக்கு ரொம்ப வருத்தம். ஒரு மாநிலத்துல ஆட்சி கவுந்து, மத்திய அரசோட கட்டுப்பாட்டுக்குள்ள வந்து, சபையை கலைக்காம செயல்படாம வைக்கிறாங்க பாருங்க, அதுக்குத்தான் நாம முடக்கி வைக்கிறதுன்னு எழுதிக்கிட்டு வந்தோம். 2018 ஜூன்ல ஜம்மு காஷ்மீர்ல கூட்டணி உடைஞ்சு கவர்னர் ஆட்சி வந்தப்போ சட்டசபை முடக்கி வைக்கப்பட்டுச்சு, நவம்பர் 21ஆம் தேதி கலைக்கப்பட்டுச்சு. முடக்கம் ஒண்ணு, கலைப்பு ஒண்ணு, நடுவுல அஞ்சு மாசம். அதே முடக்கத்தை எடுத்து ப்ரோரோக்குக்கும் போட்டா படிக்கிற ஜனங்க என்ன நினைப்பாங்க? ஆட்சியே போயிருச்சுன்னு நினைப்பாங்க. தமிழ்நாட்டுல 1976லயும் 1991லயும் ஆட்சி கலைஞ்சதைப் பாத்த தலைமுறை இன்னும் இருக்கு, அவங்களுக்கு முடக்கம், கலைப்புன்னு பேப்பர்ல பாத்தாலே மனசுக்குள்ள வேற ஒரு படம் ஓடும்.

கற்பனையா சொல்லல, நடந்ததையே சொல்றேன். 2022 பிப்ரவரி 12, மேற்கு வங்க கவர்னர் ஜக்தீப் தன்கர் 174ஆவது பிரிவை வெச்சு சட்டசபையை ப்ரோரோக் பண்றதா அறிவிச்சாரு. அவருக்கும் மம்தா பானர்ஜிக்கும் நடுவுல அப்போ இருந்த உறவு எல்லாருக்கும் தெரியும், அதனால கவர்னர் சபையை முடக்கிட்டாருன்னு நாடு முழுக்க பேச்சு பரவிடுச்சு. மறுநாள் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் இது மரபுக்கு மாறானதுன்னு கண்டிச்சு ட்விட்டர்ல எழுதினாரு. மேற்கு வங்க அரசே கேட்டுத்தான் பண்ணேன்னு தன்கர் பதில் போட்டாரு, மம்தாவோட திரிணாமுல் கட்சி தரப்புலயும் ஆமா இது எங்க அரசோட பரிந்துரை தான்னு சொல்லிட்டாங்க. அரசியல்ல யார் பக்கம் நியாயம்ங்கிற பேச்சுக்கே நான் வரல. ப்ரோரோக்ங்கிறது சாதாரணமா ஒவ்வொரு தொடருக்கு அப்புறமும் நடக்குற வழக்கமான வேலைங்கிறது முதல் நாள் செய்தியிலயே ஒரு வரியா இருந்திருந்தா இவ்ளோ பேர் பதறியிருக்க மாட்டாங்கன்னு மட்டும் சொல்றேன்.

அதுக்காக எப்பவுமே சாதுவான வேலைன்னும் எழுதிட முடியாது. 2015ஐ நினைச்சுப் பாருங்க, நிலம் கையகப்படுத்துற அவசரச் சட்டம். லோக்சபாவுல மசோதா பாஸ் ஆயிருச்சு, ராஜ்யசபாவுல அரசுக்கு பலம் இல்ல, ஏப்ரல் 5ஓட அவசரச் சட்டம் காலாவதி. பட்ஜெட் தொடரோ நடுவுல இடைவேளையில இருக்கு, தொடர் முடியல. 123ஆவது பிரிவுப்படி ரெண்டு சபையும் தொடர்ல இருக்குறப்போ அவசரச் சட்டம் போட முடியாது, ஏதாவது ஒரு சபை தொடர்ல இல்லன்னா போடலாம். அதனால மார்ச் 28ஆம் தேதி ராஜ்யசபாவை மட்டும் ப்ரோரோக் பண்ணாங்க, ஏப்ரல் 3ஆம் தேதி அவசரச் சட்டத்தை மறுபடி கொண்டு வந்தாங்க. சபை நடக்காம தான் இருந்துச்சு, ஆனா இடைவேளைங்கிறது ப்ரோரோக் இல்லங்கிறதால தான் அந்த ஒரு உத்தரவு தேவைப்பட்டுச்சு. அந்தச் செய்தியை ‘ராஜ்யசபா ஒத்திவைப்பு’ன்னு எழுதினா அதுல செய்தியே காணாம போயிடும், ஏன் பண்ணாங்கங்கிறதும் காணாம போயிடும். அவசரச் சட்டத்தை இப்படி திரும்பத் திரும்ப போடுறது பத்தி 1986லயே வாத்வா வழக்குல சுப்ரீம் கோர்ட் கடுமையா சொல்லியிருக்கு, பீகார்ல 1967லேர்ந்து 1981க்குள்ள 256 அவசரச் சட்டம் போட்டு, சிலதை பதினாலு வருஷம் வரைக்கும் உயிரோட வெச்சிருந்தாங்க. சட்டசபைத் தொடர் முடிஞ்சதும் ப்ரோரோக் பண்ணிட்டு உடனே பழைய அவசரச் சட்டங்களையெல்லாம் புதுசா போடுறது அங்க வழக்கமாவே ஆகியிருந்துச்சு.

இதுக்கு நேர் எதிரா, ப்ரோரோக் பண்ணாம விட்டதாலயே வந்த வழக்கு பஞ்சாப் வழக்கு. 2023 மார்ச் 3ஆம் தேதி பட்ஜெட் தொடர் தொடங்குச்சு, மார்ச் 22 தேதி குறிப்பிடாம ஒத்தி வெச்சாங்க, ஆனா ப்ரோரோக் பண்ணல. ஜூன் 19, 20ல சபாநாயகரே திரும்ப கூட்டினாரு, நாலு மசோதா பாஸ் ஆச்சு. கவர்னர் பன்வாரிலால் புரோஹித், நம்ம ஊர்ல முன்னாடி கவர்னரா இருந்தவர் தான், அந்தக் கூட்டமே சட்டப்படி செல்லாதுன்னு சொல்லி மசோதாக்களை நிறுத்தி வெச்சாரு. நவம்பர் 10ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில மூணு நீதிபதிகள் அமர்வு கூட்டம் செல்லும்னு தீர்ப்பு குடுத்துச்சு. காரணம் என்னன்னா, ஒத்திவைப்பு வேற, ப்ரோரோக் வேற, தொடர் முடிச்சு வைக்கப்படாத வரைக்கும் சபாநாயகர் திரும்பக் கூட்டலாம். அந்தக் கூட்டம் தப்பிச்சது இந்த ரெண்டு வினைச்சொல்லுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தால. ரெண்டையும் ஒரே தமிழ் வார்த்தையில எழுதுற பேப்பரைப் படிச்ச ஒருத்தருக்கு அந்தத் தீர்ப்பு ஒரு வரி கூட புரியாது. என்கிட்ட படிக்கிற பசங்க சிலர் தமிழ்ப் பேப்பர்ல இந்தச் செய்தியை படிச்சிட்டு வந்து, ஒத்திவெச்சதை ஒத்திவைக்கலன்னு எப்படி சார் கோர்ட் சொல்லுதுன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல.

வெளிநாட்டுல இந்த வார்த்தை வீடு வரைக்கும் போனது 2019ல. அப்போ இங்கிலாந்து பிரதமரா இருந்த போரிஸ் ஜான்சன் பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய யூனியன்லேர்ந்து அந்த நாடு விலகுறது, நெருங்குற நேரத்துல பார்லிமென்ட்டை ப்ரோரோக் பண்ணச் சொல்லி ஆலோசனை சொன்னாரு, ஆகஸ்ட் 28 ராணியோட உத்தரவு வந்துச்சு, செப்டம்பர் 10 அதிகாலையிலேர்ந்து அக்டோபர் 14 வரைக்கும் அஞ்சு வாரம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, செப்டம்பர் 24ஆம் தேதி லேடி ஹேல் தலைமையில 11 நீதிபதிகளும் ஒருமனதா அது சட்டவிரோதம், செல்லாதுன்னு சொன்னாங்க. அந்தத் தீர்ப்போட ஆரம்பத்துலயே கோர்ட் என்ன பண்ணுச்சு தெரியுமா, ப்ரோரோக்னா என்ன, ரிசெஸ்னா என்ன, டிசால்வ்னா என்னன்னு பொறுமையா பிரிச்சு சொல்லுச்சு. ரிசெஸ்ங்கிறது சபைகள் தானா எடுத்துக்குற இடைவேளை, அப்போ கமிட்டிகள் வேலை பாக்கலாம், மந்திரிகளுக்கு எழுத்துல கேள்வி அனுப்பலாம். ப்ரோரோக் ஆயிட்டா அதுவும் இல்ல, கமிட்டி கூட உக்கார முடியாது, அங்க பொதுவா நிலுவையில இருக்குற மசோதாக்களும் விழுந்துடும், நம்ம நாட்டு மாதிரி இல்ல.

தீர்ப்புக்கு மறுநாள் சபை கூடுச்சு. சபாநாயகர் ஜான் பெர்கோ என்ன அறிவிச்சாருன்னா, சபையோட பதிவேட்டுல செப்டம்பர் 9ஆம் தேதிக்கு நேரா இருக்குற ப்ரோரோகேஷன் பத்தின குறிப்பு நீக்கப்படுது, அதுக்குப் பதிலா சபை அன்னைக்கு அட்ஜர்ன் ஆச்சுன்னு பதிவாகும்னு. ஒரு வினைச்சொல்லை அடிச்சுட்டு இன்னொரு வினைச்சொல்லை எழுதினாங்க. சினானிம்னு டிக்‌ஷனரியில பக்கத்துல பக்கத்துல இருக்குற ரெண்டு வார்த்தை தான். அந்த ப்ரோரோகேஷன் சடங்குலயே ராஜ ஒப்புதல் அறிவிக்கப்பட்ட ஒரு மசோதாவுக்கு, சடங்கே செல்லாதுன்னு ஆனதால, ஒப்புதலை திரும்பவும் அறிவிக்க வேண்டி வந்துச்சு.

கனடாவுலயும் இதே மாதிரி தான். 2008 டிசம்பர்ல பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் தன்னோட அரசு நம்பிக்கை வாக்கெடுப்புல தோத்துடும்னு இருந்த நேரத்துல, ஓட்டெடுப்புக்கு சில நாள் முன்னாடி, கவர்னர் ஜெனரல் மிஷேல் ஜான்கிட்ட கேட்டு ஜனவரி 26 வரைக்கும் ப்ரோரோக் வாங்கிட்டாரு, ஆட்சி தப்பிச்சுது. 2025 ஜனவரி 6ல அப்போ பிரதமரா இருந்த ஜஸ்டின் ட்ரூடோ ராஜினாமா அறிவிச்சப்போ மார்ச் 24 வரைக்கும் ப்ரோரோக்.

நமக்கு இன்னும் பக்கத்துல இலங்கை, அங்க தமிழ்லயே இது செய்தியாச்சு. 2018 அக்டோபர் 26ஆம் தேதி ராத்திரி அப்போ ஜனாதிபதியா இருந்த மைத்திரிபால சிறிசேன மகிந்த ராஜபக்சவை பிரதமராக்கினாரு, மறுநாள் பார்லிமென்ட்டை நவம்பர் 16 வரைக்கும் ப்ரோரோக் பண்ணாரு, அப்புறம் அந்தத் தேதி 14ன்னு மாறுச்சு, அது வர்றதுக்குள்ள நவம்பர் 9ஆம் தேதி டிசால்வே பண்ணிட்டாரு. இதுல ப்ரோரோக் பண்றதுக்கு அவருக்கு அதிகாரம் இருந்துச்சு, ரெண்டு மாசத்துக்கு மேல போகக் கூடாதுங்கிறது தான் கட்டுப்பாடு. டிசால்வ் பண்றதுக்கு அந்த நேரத்துல அதிகாரம் இல்ல, அப்போ இருந்த 19ஆவது திருத்தப்படி நாலரை வருஷம் முடியுறதுக்கு முன்னாடி, மூணுல ரெண்டு பங்கு எம்.பி.க்கள் கேக்காம கலைக்க முடியாதுன்னு இருந்துச்சு. டிசம்பர் 13ஆம் தேதி இலங்கை சுப்ரீம் கோர்ட்டோட ஏழு நீதிபதிகளும் ஒருமனதா கலைப்பு செல்லாதுன்னாங்க. ஒரே ஆள், ஒரே பார்லிமென்ட், ரெண்டு வாரத்துக்குள்ள ரெண்டு வினைச்சொல், ஒண்ணு அவரோட அதிகாரத்துக்குள்ள, இன்னொண்ணு வெளிய. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள்ல ப்ரோரோக்குக்கும் ஒத்திவைப்புன்னு எழுதுற பழக்கம் இருக்கு, அங்க இருக்குற வாசகர்களுக்கு அது பழகியிருக்கும், ஆனா அதை அப்படியே எடுத்து இங்க போடும்போது ஒரு விளக்கம் வேணும்.

ரொகாரே குடும்பத்துல இன்னும் சில பேர் இருக்காங்க, அவங்களையும் சேர்த்துப் பாத்தா தான் ப்ரோரோக் நல்லா பிடிபடும். மக்கள்கிட்ட கேட்டு ஒரு சட்டத்தை முழுசா எடுக்குறது அப்ரொகேட், சட்டத்துல ஒரு பகுதியை மட்டும் எடுக்குறது டெரொகேட். இது ரோமாபுரி சட்டப் பேச்சுலேர்ந்து வந்த வித்தியாசம், இன்னைக்கும் மனித உரிமை ஒப்பந்தங்கள்ல டெரொகேஷன்னு ஒரு வார்த்தை வரும், நெருக்கடி நேரத்துல ஒரு நாடு சில கடமைகளிலிருந்து மட்டும் விலகி நிக்கிறதுன்னு அர்த்தம், மொத்தமா வெளிய போறது இல்ல. முதல்ல யார்கிட்ட ஓட்டு கேக்குறாங்களோ அந்தப் பிரிவுக்கு ‘ப்ரேரொகாடிவா’ன்னு பேரு, அதுலேர்ந்து தான் ப்ரெரொகேட்டிவ், தனி அதிகாரம், சிறப்புரிமை. இங்கிலாந்துல ப்ரோரோக் பண்ற அதிகாரமே ராயல் ப்ரெரொகேட்டிவ்ல ஒண்ணு, ஆக ஒரே வேர்லேர்ந்து வந்த ரெண்டு வார்த்தை ஒரே வாக்கியத்துல நிக்குது. விசாரிக்கிறதுக்கு வர்ற இன்டெரொகேட், தனக்கில்லாததை தானா எடுத்துக்குறதுக்கு வர்ற அரொகேட், எல்லாத்துலயும் அந்த ‘கேக்குறது’ உள்ள இருக்கு.

அப்ரொகேட்டுக்கு நாம நல்ல தமிழ் வெச்சிருக்கோம். 2019 ஆகஸ்ட்ல 370ஆவது பிரிவு விவகாரம் வந்தப்போ எல்லாப் பேப்பரும் ‘ரத்து’ன்னு எழுதுனாங்க, படிச்சவங்க எல்லாருக்கும் புரிஞ்சுது. ஒரு வார்த்தைக்கு ஒரு தமிழை எல்லாரும் பிடிச்சுக்கிட்டா அது அஞ்சாறு தடவையில பழகிடும், அதுக்கு அந்த ‘ரத்து’ போதுமான சாட்சி. ப்ரோரோக்குக்கும் அப்படி ஒண்ணு ஏற்கனவே இருக்கு, நான் புதுசா எதையும் கண்டுபிடிச்சு சொல்லல. ‘கூட்டத்தொடர் முடித்து வைப்பு’. உங்க பேப்பர்லயே நல்ல நாள்ல, சண்டை இல்லாத நாள்ல, உள்பக்கத்துல சின்ன செய்தியா வரும்போது ‘சட்டசபைக் கூட்டத்தொடரை முடித்து வைத்து கவர்னர் உத்தரவு’ன்னு சரியா தான் வருது. சண்டை வந்து முதல் பக்கத்துக்கு போகும்போது தான் அது முடக்கமா மாறிடுது. தலைப்புல இடம் கம்மி, முடக்கம் சின்ன வார்த்தை, சூடான வார்த்தை, எனக்கும் புரியுது. ஆனா ‘தொடர் முடிப்பு’ன்னு போட்டா அதுவும் தலைப்புல அடங்கும் சார்.

வாசகர்களுக்கு இவ்ளோ நுணுக்கம் தேவையான்னு உங்க டெஸ்க்ல யாராவது கேக்கலாம். கிரிக்கெட் பக்கத்துல டிக்ளேருக்கும் ஆல் அவுட்டுக்கும் ஒரே வார்த்தை போட்டா அன்னைக்கே போன் வந்துடும், ஏன்னா அங்க யார் முடிச்சாங்க, எப்படி முடிஞ்சுதுங்கிறது ஜனங்களுக்கு முக்கியம். நம்ம ஓட்டுப் போட்டு அனுப்புன சபையை யார் முடிச்சாங்கங்கிறது அதைவிட முக்கியம் இல்லையா.

நான் கேக்குறது சில விஷயம் தான். சபாநாயகர் பண்ணா ஒத்திவைப்பு, கவர்னரோ ஜனாதிபதியோ தொடரை முடிச்சா முடித்து வைப்பு, ஆயுசே முடிஞ்சா கலைப்பு, ஆட்சி இல்லாம சபையை மட்டும் உயிரோட நிறுத்தி வெச்சா முடக்கம், இதை உங்க செய்திப் பிரிவுல எல்லாரும் ஒரே மாதிரி பயன்படுத்தணும். ப்ரோரோக் செய்தி வரும்போதெல்லாம் யாரோட ஆலோசனையில அந்த உத்தரவு வந்துச்சுன்னு முதல் பத்தியிலயே ஒரு வரி இருக்கணும், தெரியலன்னா அரசு தரப்புல கேட்டு போடணும், ஏன்னா வழக்கமான முடிப்பா, உள்நோக்கத்தோட முடிப்பாங்கிறதை வாசகர் அதை வெச்சுத்தான் எடை போட முடியும். ஏஜென்சி இங்கிலீஷ்ல அனுப்புற செய்தியை மொழிபெயர்க்குற புதுப் பசங்களுக்கு சினானிம் லிஸ்ட்டைக் குடுக்காம 85, 174 ரெண்டு பிரிவையும் பிரிண்ட் எடுத்துக் குடுங்க, ஒரு பக்கத்துல அடங்கிடும். அடுத்த சட்டசபைத் தொடர் முடியும்போது உங்க பேப்பரை வெட்டி வகுப்புக்கு கொண்டு போகத் தான் போறேன், அதுல எந்த வார்த்தை இருக்குன்னு பசங்களும் பாப்பாங்க.

இப்படிக்கு,
உங்க நாளிதழோட தினசரி வாசகர்